ஃபுல் டேங்க் போட்டால் மட்டும் வந்த பெட்ரோல் வாசம்: பழைய 800-ல் லீக்கைத் தேடிப் பிடித்த விவரம்

எங்கள் வீட்டில் நிற்பது 1997 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) வைத்த வண்டி. மாமனார் வாங்கி ஓட்டியது, இப்போது பாளையங்கோட்டை மகாராஜநகரில் எங்களிடம் இருக்கிறது. இந்தக் கோடையில் அதில் பெட்ரோல் வாசம் அடிக்க ஆரம்பித்தது. சில நாள் கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறும். சில நாள் ஒன்றுமே இருக்காது. குனிந்து பார்த்தால் தரை காய்ந்து கிடக்கும். ஆயில் கசிந்தால் கறை நிற்கும், கூலன்ட் கசிந்தால் நிறம் காட்டும். பெட்ரோல் நாம் போய்ப் பார்ப்பதற்குள் ஆவியாகிப் போய்விடும். சித்திரை வெயிலில் சிமென்ட் தரையில் விழுந்த சொட்டுக்கு என்ன ஆயுசு இருக்கும்!

"பழைய வண்டின்னா வாசம் அடிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி அப்படியே ஓட்டுகிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கார்புரேட்டர் வண்டியில், சூடான எஞ்சினை அணைத்த பிறகு போனட் பக்கம் லேசாக வாசம் வருவது உண்டு. கார்புரேட்டருக்குள் இருக்கும் ஃப்ளோட் சேம்பர் என்ற சின்ன அறையில் நிற்கும் பெட்ரோல் எஞ்சின் சூட்டில் ஆவியாவதால் வருவது அது. அதற்கு மேல் வரும் எந்த வாசத்தையும் லீக் என்றே எடுத்துக்கொண்டு தேட வேண்டும்.

பேட்டையில் எங்களுக்கு வெகுநாளாக வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் போனட்டைக்கூடத் திறக்கவில்லை.

"வாசம் எப்பம்லாம் வருதுன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க தம்பி. எங்கன ஒழுகுதுன்னு நாம பாத்துக்கிடலாம். எப்பம்ங்கிறது ஓட்டுதவருக்குத்தான தெரியும்?"

அவர் சொன்னதில் உள்ள நியாயம், பெட்ரோல் போகும் வழியை மனதில் ஓட்டிப் பார்த்தால் விளங்கும். கார்புரேட்டர் 800-ல் டேங்க் பின்னால், எஞ்சின் முன்னால். டேங்கிலிருந்து சின்ன ரப்பர் ஹோஸ், அதிலிருந்து வண்டியின் அடிவயிற்றோடு முன்னால் வரும் இரும்புக் குழாய், மறுபடி ரப்பர் ஹோஸ், ஃபில்டர், எஞ்சினோடு சேர்ந்து ஓடும் மெக்கானிக்கல் பம்ப், அங்கிருந்து கார்புரேட்டர். இதில் பம்ப் வரைக்கும் உறிஞ்சும் பகுதி. அந்தப் பக்கம் ஹோஸில் வெடிப்பு இருந்தால் எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி மேட்டில் திணறும், காலையில் வெகுநேரம் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகும். பம்ப்பைத் தாண்டினால் தள்ளும் பகுதி. அங்கே உள்ள ஓட்டை எஞ்சின் ஓடும்போதுதான் ஒழுகும். டேங்கின் மேல் பக்கத்தில் இருக்கும் ஃபில்லர் ஹோஸ் (பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு வருவது), பிரீதர் ஹோஸ் (டேங்கின் காற்று போய்வரும் குழாய்), பெட்ரோல் முள்ளை ஓட்டும் மீட்டர் யூனிட்டின் கேஸ்கட் இவையெல்லாம் பெட்ரோல் அந்த உயரத்துக்கு ஏறினால்தான் ஒழுகும். ஆக வாசம் வரும் நேரத்தை வைத்தே வண்டியின் முக்கால் பகுதியைத் தேடாமல் ஒதுக்கிவிடலாம்.

டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டைப் போட்டு வைத்தேன். பெட்ரோல் முள் எங்கே இருக்கிறது, வண்டி வெயிலில் நின்றதா நிழலிலா, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா, வாசம் முன்னாலா பின் சீட்டிலா என்று மட்டும் எழுதினேன். கொஞ்ச நாளிலேயே இரண்டு வகை வாசம் தனித்தனியாகப் பிரிந்து வந்தது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஏசி இல்லாத நேரம் முன் பக்கக் காற்றுத் துவாரம் வழியாக ஒரு வாசம். வண்டி சூடானதும் போய்விடும். இன்னொன்று பின் சீட்டில், ஃபுல் டேங்க் அடித்த நாளிலும் அதற்கு அடுத்த நாளிலும் மட்டும். முள் முக்காலுக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்த வாசமே கிடையாது. அம்பாசமுத்திரத்துக்கு ஒரு தடவை போய் வந்துவிட்டால் நின்றுவிடும் என்றுகூடச் சொல்லலாம்.

நோட்டைப் பார்த்ததும் அண்ணாச்சி சொன்னார்: "ரெண்டு லீக்கு தம்பி. ஒண்ணு இன்னொண்ண மறைச்சிருக்கும். முன்னால உள்ளது சின்ன வேல. பின்னால டேங்க இறக்கணும்."

வேலையை வீட்டிலேயே பார்ப்பது என்று முடிவானது. மச்சினன் ஞாயிற்றுக்கிழமை வந்து கூட நின்றான். அண்ணாச்சி நடுவில் வந்து பார்த்துப் போவதாக ஏற்பாடு.

கையை வைப்பதற்கு முன்னால் சில காரியங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போய்க் கலையாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் சர்வீஸ் குழிக்குள் இறங்கி இந்த வேலையைப் பார்க்கவே கூடாது. உறைநிலைக்குக் கீழே 40 டிகிரியில்கூடப் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடுகிற சாமான் அது, நம் ஊர் வெயிலில் சொல்லவே வேண்டாம். வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தினோம். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஓரமாகத் துணி சுற்றி வைத்தோம். எஞ்சின் கையால் தொடும் அளவுக்கு ஆறும் வரை காத்திருந்தோம். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் ஒன்று, வாளியில் மணல். எரிகிற பெட்ரோல் மேல் தண்ணீரை ஊற்றினால் அது தண்ணீர் மேல் மிதந்து பரவும், அதனால் தண்ணீர் வாளி வேண்டாம். வெளிச்சத்துக்குக் குண்டு பல்பு போட்ட கைவிளக்கையும் அண்ணாச்சி கூடாது என்றார். அதன் மேல் ஒரு சொட்டு விழுந்து பல்பு வெடித்தால் போதும். மூடிய எல்இடி டார்ச்சை, வண்டிக்கு அடியில் போவதற்கு முன்னாலேயே போட்டுக்கொண்டு போனோம். அடுப்படி ஜன்னல் பக்கம் என்பதால் வேலை முடியும் வரை கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

முன் பக்க வேலை சீக்கிரமே முடிந்தது. இதற்கு மட்டும் எஞ்சின் ஓட வேண்டும், ஆகவே முதல் நாள் காலையிலேயே, பேட்டரியைக் கழற்றும் முன், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்தோம். பம்ப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸில், பம்ப் வாயில் கிளிப் கடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மணிக்கட்டு வியர்வை போல் ஈரம் பூத்தது. சொட்டவில்லை. எஞ்சின் சூடானதும் ஈரம் நின்றுவிட்டது, ரப்பர் சூட்டில் உப்பி வெடிப்பை அடைத்துக்கொள்கிறது. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, ஹோஸைக் கழற்றி விரலால் வளைத்ததும் வெளித்தோல் முழுக்க நுணுக்கமாகக் கீறல் விட்டது. மாற்றிவிட்டோம்.

பம்ப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. இந்த மெக்கானிக்கல் பம்ப்பின் உள்ளே டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு ஒன்று இருக்கிறது. அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகலாம், அல்லது எஞ்சின் ஆயிலோடு போய்க் கலக்கலாம். இரண்டாவது வகை லீக் தரையில் தெரியவே தெரியாது. டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்து, ஆயில் மட்டமும் கூடியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். எங்கள் வண்டியில் ஆயில் சுத்தமாக இருந்தது.

பின் பக்க வேலைக்குத்தான் பொழுது போனது.

டேங்கை இறக்க வேண்டும் என்றால் உள்ளே பெட்ரோல் குறைவாக இருக்க வேண்டும். இந்த வண்டியின் டேங்க் 28 லிட்டர், நிறைந்திருந்தால் பெட்ரோல் மட்டுமே 20 கிலோவுக்கு மேல். முள் ரிசர்வ் பக்கம் வரும் வரை ஓட்டிவிட்டு, மீதியைக் கையால் அமுக்கும் பம்ப் வைத்து இரும்பு கேனுக்கு எடுத்தோம். கேன் தரையில்தான் இருக்க வேண்டும், டிக்கியிலோ சீட்டிலோ வைத்து நிரப்பக் கூடாது, ஸ்டேட்டிக் பொறி தட்டும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தை நம் ஊர்க்காரர்கள் தயவுசெய்து விட வேண்டும். பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்க அனுமதி உண்டு, புற்றுநோய் உண்டாக்கும் சாமான் அது. ஒரு மிடறு புரையேறி நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். அமுக்குப் பம்ப் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கிறது.

முன் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்து, பின்னால் ஜாக்கி ஏற்றி, இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் வைத்த பிறகே அடியில் போனோம். டேங்க் போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. முந்தின நாள் சாயங்காலமே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டிருந்ததால் பைய அசைந்து கொடுத்தன. அந்த ஆயில் ஸ்ப்ரேயும் தீப்பற்றும் சாமான்தான், அதனால் முந்தின நாளே அடித்துக் காயவிடுவது நல்லது. டேங்குக்கு அடியில் ஒரு பலகையும் ஜாக்கியும் தாங்கலாக வைத்து, போல்ட்டுகளை எடுத்து, ஒரு சாண் இறக்கினோம். அப்போதுதான் ஹோஸ்களைக் கழற்றக் கை போகும். ஒவ்வொரு ஹோஸிலும் அது மாட்டியிருந்த குழாயிலும் ஒரே நிற இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி அடையாளம் வைத்தான் மச்சினன். பெட்ரோல் போகும் ஹோஸும் திரும்பி வரும் ஹோஸும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், மாறிப்போனால் அலைய வேண்டும்.

டேங்க் வெளியே வந்ததும் அதன் மேல் பக்கத்தைப் பார்த்து எனக்குப் பேச்சு வரவில்லை. முழுக்க வண்டல். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி கரை புரண்டபோது இந்த வண்டி கொக்கிரகுளத்தில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்றது. கதவுக்குப் பாதி வரை தண்ணீர். வடிந்த பிறகு ஆயில், பெட்ரோல் எல்லாம் மாற்றி, சீட்டுகளைக் காயவைத்து, அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். ஆனால் டேங்குக்கும் தரைத் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குள் எந்தப் பீய்ச்சலும் போகாது. ஆறு கொண்டுவந்து வைத்த மண் அங்கேயே படிந்து, சாம்பல் நிறத்தில், விரல் கனத்துக்கு இறுகிக் கிடந்தது.

அந்த வண்டல்தான் லீக்கைக் காட்டிக் கொடுத்தது. சாம்பல் நிற மண்ணின் நடுவில், பிரீதர் ஹோஸ் டேங்கில் மாட்டும் இடத்திலிருந்து டேங்கின் ஓரம் வரைக்கும், இரண்டு விரல் அகலத்துக்குக் கழுவிவிட்ட மாதிரி ஒரு தடம். அந்தத் தடத்தின் இரு கரையிலும் தேன் நிறத்தில் பிசின் படிந்திருந்தது. பெட்ரோல் ஆவியாகும்போது விட்டுப்போகும் பிசின் அது. ஒரு நாளில் வருகிற கறை இல்லை. மச்சினன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், இங்கன பாருங்க, வாய்க்கால் வெட்டுன கணக்கால்லா ஓடியிருக்கு" என்றான். தடத்தின் மேல் முனையில் பிரீதர் ஹோஸ். வெளியிலிருந்து பார்த்தால் முழுசாக இருந்தது. அதைத் திருப்பி, வளைவின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் நகம் நுழையும் அளவுக்கு நீளவாக்கில் பிளவு. அதற்குக் கிளிப்பே இல்லை. முன்பு எப்போதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், கம்பி ரப்பரை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது.

ஃபுல் டேங்கில் மட்டும் ஏன் வாசம் வந்தது என்பது இப்போது புரிந்தது. பங்கில் நாஸில் தானாக நின்ற பிறகும், சில்லறைக் கணக்கை முழு ரூபாயாக்க இன்னும் கொஞ்சம் அடிப்பார்கள். நாமும் சரி என்போம். பங்கின் பெட்ரோல் மண்ணுக்கடியில் உள்ள டேங்கிலிருந்து வருவதால் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். அதை விளிம்பு வரை நிரப்பி, வண்டியை மத்தியான வெயிலில் தார் ரோட்டின் மேல் நிறுத்தினால் அது விரியும். பெட்ரோல் ஒரு டிகிரி சூடானால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு விரிகிறது. 28 லிட்டரில் 15 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 400 மில்லி கூடும். அந்த 400 மில்லிக்கு டேங்கில் இடம் வேண்டுமே! அதற்காகத்தான் நாஸில் நிற்கும் இடத்துக்கு மேல் காலி இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தையும் நிரப்பினால் பெட்ரோல் பிரீதருக்குள் ஏறும், பிளவு வழியாக வழியும். முள் முக்காலுக்கு வந்தால் மட்டம் இறங்கிவிடும், லீக்கும் நின்றுவிடும்.

பிரீதரோடு நிறுத்தவில்லை. இறக்கின டேங்கில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும், திரும்ப ஒரு தடவை இறக்கும் வேலை வேண்டாம் பாருங்கள். ஃபில்லர் ஹோஸ் கல் மாதிரி இறுகியிருந்தது. மீட்டர் யூனிட்டின் கேஸ்கட் காய்ந்து சுருங்கியிருந்தது. வண்டலைச் சுரண்டக் கத்தியோ கம்பி பிரஷ்ஷோ எடுக்கவில்லை, அது பொறி கிளப்பும். ஈரத் துணியால் ஊறவைத்து, மூங்கில் பட்டையால் வழித்தோம். அடியில் துருப்புள்ளிகள் இருந்தன, ஆனால் விரலால் அழுத்திப் பார்த்ததில் எங்கும் அமுங்கவில்லை.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். எல்லா வாயையும் அடைத்துவிட்டு, டேங்கில் தண்ணீரை நிரப்பி, நிழலில் பழைய செய்தித்தாள் விரித்து அதன் மேல் ராத்திரி முழுக்க வைத்தோம். தாள் காய்ந்தே இருந்தது. பிறகு தண்ணீரைக் கொட்டி, உள்ளே வந்த துருத்தூளையும் அலசி, மூன்று வேளை வெயிலில் வாய்களைத் திறந்து போட்டுக் காயவைத்தோம். ஓட்டை இருந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோயிரக் கூடாது தம்பி. பெட்ரோல் நெறஞ்ச டேங்க விட காலி டேங்குதான் எமன். உள்ள இருக்கிறது பூராம் காத்தும் ஆவியும்லா. டேங்க் வேல மட்டும் பாக்குதவங்ககிட்டதான் குடுக்கணும், இல்லன்னா வேற டேங்க் போடணும்."

இதை வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை இருக்கும்போதுதான் வெடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவி அதைவிட அடர்த்தியாக இருப்பதால் பற்றாது. கொட்டிக் கவிழ்த்த டேங்கில் அந்த அளவு சரியாக அமைந்துவிடும். எம்-சீல் பூசுவது, சோப்பைத் தேய்த்து அடைப்பது எல்லாம் நடுவழியில் நின்றால் வீடு வரை வருவதற்கு வேண்டுமானால் உதவும். அதையே ரிப்பேர் என்று வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவது பின் சீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டுகிற வண்டிக்கு அடுக்காது.

ஹோஸ் வாங்குவதுதான் இதில் நான் அதிகம் அலைந்த வேலை. மதுரை ரோட்டில் ஏறி இறங்கிய கடைகளில் முதலில் கையில் கொடுத்தது உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப். பெட்ரோல் ஓடுவது கண்ணுக்குத் தெரியும், விலையும் குறைவு. ஆனால் எஞ்சின் சூட்டில் மாதக்கணக்கில் நின்றால் அது மஞ்சளாகி, விறைத்து, கிளிப் போட்ட இடத்தில் வெடிக்கும். தண்ணீருக்கும் காற்றுக்கும் விற்கிற கறுப்பு ரப்பர் ஹோஸும் கூடாது, பெட்ரோலில் ஊறிப் பொதபொதவென்று ஆகிவிடும். ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்ற தரம் போதும். எம்பிஎஃப்ஐ வண்டியில், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியில், அழுத்தம் பத்து மடங்குக்கு மேல், அதற்கு ஆர்9 தான் போட வேண்டும், அதில் ஆர்7 போட்டால் ஆபத்து. நான் கார்புரேட்டர் வண்டிக்கே ஆர்9 வாங்கினேன். கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் அதன் உள்தோல் எத்தனாலைத் தாங்குகிறது.

எத்தனால் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2022 ஜூனில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் என்ற அளவை நாடு எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்து, இப்போது பரவலாக அதுதான் கிடைக்கிறது. 1997-ல் எங்கள் வண்டியில் போட்ட ரப்பரும் கேஸ்கட்டும் இந்தக் கலவையை நினைத்துச் செய்ததில்லை. எத்தனால் பழைய ரப்பரில் உள்ள இளக்கத்தை உறிஞ்சும், சில ரப்பரை உப்ப வைக்கும். காற்றின் ஈரத்தையும் இழுக்கும், வெகுநாள் நிற்கும் வண்டியில் டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்து துருவுக்கு வழி செய்யும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஹோஸ் வெடிக்கட்டும் என்று காத்திருக்காமல், டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் அத்தனையையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது. மொத்தமாக நாலைந்து மீட்டர்கூட வராது.

அளவு தெரியாவிட்டால் பழைய ஹோஸிலிருந்து நல்ல பகுதியை ஒரு விரல் நீளம் வெட்டிக் கொண்டுபோங்கள். வெடித்த முனை விரிந்திருக்கும், அதை வைத்து அளக்கக் கூடாது. வளைவோடு வார்த்த பிரீதர் ஹோஸ் இங்கே கிடைக்கவில்லை. மீட்டர் கணக்கில் வாங்கி, மடங்காத அளவுக்கு அகலமான வளைவு கொடுத்துப் பொருத்தினோம். ஃபில்லர் ஹோஸும் கேஸ்கட்டும் மதுரையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார் கடைக்காரர். கிளிப்பில் கவனம் வேண்டும். சாதாரணத் திருகு கிளிப்பில் பட்டை முழுக்க வெட்டு விழுந்திருக்கும், சின்ன ஹோஸை இறுக்கினால் அந்த வெட்டுகள் ரப்பரைச் சீவும். ஓரம் மடித்த, நட்டும் போல்ட்டும் வைத்த சின்ன கிளிப் கேட்டு வாங்கினேன். குழாயின் முனையில் ஒரு புடைப்பு வளையம் இருக்கும். ஹோஸை அந்த வளையத்தைத் தாண்டி ஏற்றி, கிளிப் வளையத்துக்குப் பின்னால் உட்கார வேண்டும். வளையத்தின் மேலேயே போட்டு இறுக்கினால் பிடிக்காது.

துருப்புள்ளிகளுக்கு ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன் மேல் கறுப்புப் பெயின்டும் அடித்துக் காயவைத்து, டேங்கை ஏற்றினோம். இறக்கின வரிசைக்குத் தலைகீழ் வரிசைதான். ஆனால் டேங்கை முழுக்க ஏற்றும் முன்னாலேயே மேல் பக்கக் கிளிப்புகளை முறுக்கிவிட வேண்டும், ஏற்றின பிறகு ஸ்பேனர் போகாது.

சோதனைக்கு அண்ணாச்சி வீட்டில் இருந்த கோலமாவைக் கேட்டார். ஒவ்வொரு மூட்டின் மேலும் உலர்ந்த மாவை லேசாகத் தூவிவிட்டால் ஈரம் பட்ட இடம் உடனே கறுக்கும். பெட்ரோல் ஆவியான பிறகும் மாவு கட்டிபட்டு நிற்கும். டேங்க் மேல் மூட்டுகளுக்கு ஏற்றும் முன்னாலேயே தூவினோம். முதலில் ஐந்து லிட்டர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, முன் பக்க மூட்டுகளைப் பார்த்தோம். மாவு வெள்ளையாகவே இருந்தது. பிறகு வண்ணார்பேட்டைப் பக்கம் பங்கில் நாஸில் தானாக நிற்கும் வரை அடித்து, அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லி, வண்டியை மத்தியானம் முழுக்க வெயிலில் நிறுத்தினேன். அடியில் அட்டை விரித்து, ஒரு பென்சிலும் கையில் வைத்துக்கொண்டேன். சொட்டு விழுந்தால் காய்வதற்குள் சுற்றி வட்டம் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அட்டையிலும் அடையாளம் நிற்காது. வட்டம் போட வேலை வரவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு என் மனைவியும் மோந்து பார்த்தாள். பழைய சீட்டின் வாசம்தான்.

ஒழுகுவது எவ்வளவு என்று கேட்பவர்களுக்காக: ஒரு வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளில் லிட்டர் கணக்கில் போய்விடும். பிரீதர் பிளவு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் ஃபுல் டேங்க் அடித்த முதல் நூறு கிலோமீட்டரில் மைலேஜ் குறைவாக வந்ததை நோட்டில் எழுதியிருந்தேன், அது இப்போது சரியாகிவிட்டது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வண்டியின் அடியில் போகும் இரும்புக் குழாயில், இடது பின் சக்கரத்தின் சேறு தெறிக்கும் இடத்தில் ஒரு ஜாண் நீளத்துக்குத் துரு பிடித்திருக்கிறது. இப்போதைக்கு ஒழுகவில்லை. உப்புத்தாளால் கையால் தேய்த்துப் பார்த்ததில் உள்ளே கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் குழாயின் கனம் குறைந்திருப்பது விரலுக்குத் தெரிகிறது. துண்டு ஹோஸ் போட்டு நடுவில் ஒட்டுவதற்கு அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை, டேங்கிலிருந்து ஃபில்டர் வரை புதுக் குழாயே வளைத்துப் போடலாம் என்கிறார். குழாய்க்குச் சொல்லி வைத்திருக்கிறோம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். அதுவரை வாரம் ஒரு தடவை அந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.